மூன்று பேருக்குமான சாப்பாட்டுத் திட்டம்

சாப்பாட்டுத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட பக்கத்தைத் தாண்டிப் போக லிஃப்ட் மெக்கானிக்கால் முடியவில்லை. தீம் பார்க்குக்கு மூன்று நுழைவுச்சீட்டு எடுத்தாயிற்று. பார்க்கை ஒட்டிய விடுதியில் ஒரு அறையும் பிடித்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது இது வந்து நின்றது. பச்சை நிறத்தில் பளபளவென்று 'சேர்த்துக்கொள்' என்று ஒரு பொத்தான். அதற்குக் கீழே, யாரும் படிக்காமல் விட்டால் நல்லது என்பதுபோல் வெளிறிய எழுத்தில் 'வேண்டாம்'.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. எந்தப் பொடி எழுத்தும் அவளிடமிருந்து தப்பாது.

"ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய சாப்பாடு, ஒரு சின்னச் சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. இப்பவே கட்டிட்டா உள்ளே போய் பர்ஸையே எடுக்க வேண்டாம். கையில ஒரு பட்டை கட்டி விடுவாங்களாம், அதைக் காட்டினா போதும்."

"படிச்சேன்."

"அப்ப அமுக்குங்க."

அவர் அமுக்கவில்லை.

வேறு வீடுகளில் இது ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் தீர்த்து வைக்கிற விஷயம். உள்ளே என்ன விலை, நம்மால் எவ்வளவு சாப்பிட முடியும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். இந்த வீட்டில் அந்தக் கணக்கு முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது ஆள் சாப்பிடுவதில்லை.

மூன்றாவது ஆளுக்குப் பதினாறு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. நடக்கப் பழகிய நாளிலிருந்தே ஓடித்தான் பழக்கம். மேசை மேல் ஏறுவாள், துணி அலமாரிக்குள் ஒளிவாள், விருந்தாளியின் செருப்பைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைப்பாள். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். இப்போதோ அவள் அறையில் இருக்கிறாளா இல்லையா என்று கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். வாலுத்தனம் எப்போதோ போய்விட்டது, கூப்பிட்டுப் பழகிய வாய்தான் மாறவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து இரண்டு பதில் சொன்னார்கள். பரீட்சைக்கு அப்புறம் என்றாள் அம்மா. அதற்கு ரொம்ப முன்னாடியே என்றார் அப்பா. அப்படியானால் ஏன் அப்போதே கூட்டிவரவில்லை என்று மருத்துவர் கேட்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம். இது பிடிவாதமில்லை, நோய் என்றார் மருத்துவர். அதட்டாதீர்கள். கெஞ்சாதீர்கள். ஆசை காட்டாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, இடம் காலியானால் கூப்பிடுவார்கள், அதுவரை வாராவாரம் வந்து பேசிவிட்டுப் போகட்டும். என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு அவர்கள் வீடு திரும்பினார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த நிலைமை பழக்கமில்லை. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மேலே ஏறுவார். அப்புறம் அது நகரும். நகராமல் போனதாக அவர் நினைவில் ஒன்றுகூட இல்லை. வீட்டிலும் அவர் அதே சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார், பல விதமாக. எதுவும் நகரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாலு கேட்டாள்: "நாம மூணு பேரும் அந்த தீம் பார்க்குக்குப் போலாமா? சின்ன வயசுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே." பல மாதங்களில் அவளாக வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அது. நிலாவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாலும் அவள் அப்பா டிக்கெட் விலை விசாரித்திருப்பார்.

அதற்குத்தான் இந்தப் பக்கம், இந்தப் பச்சைப் பொத்தான்.

"என் தம்பிகிட்ட கேட்போம். அவன் போயிட்டு வந்தவன்," என்று சொல்லி மனைவி போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மச்சினன் மணி அடித்ததும் எடுத்தான். "எடுக்காம போனா முட்டாள்தனம் அத்தான்! நாங்க போட்ட காசுக்கு மேலேயே தின்னு தீர்த்துட்டோம். ஆனா ஒண்ணு, அசந்துடக்கூடாது. பசிக்குதோ இல்லையோ, நேரமாச்சுன்னா போய் உட்கார்ந்துடணும். கடைசி நாள் என்னால குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியல. இவதான் கட்டி விட்டா." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான். "வாலு எப்படி இருக்கா? இன்னும் கோழிக்குஞ்சு மாதிரிதான் கொறிக்கிறாளா? அங்க கூட்டிட்டுப் போங்க, வாசனைக்கே வாய் தானா திறக்கும்."

மனைவி அவசரமாக ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். தம்பிக்கு விஷயம் தெரியாது. யாருக்குமே தெரியாது. வயசுப் பிள்ளை, இந்தக் காலத்தில் எல்லாரும் ஒல்லிதானே என்று அவள் சொந்தபந்தத்திடம் பூசி மெழுகி வைத்திருந்தாள்.

போனை வைத்ததும் அவர் கேட்டார். "நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் எடுத்தா என்ன?"

"முடியாது. கீழே போட்டிருக்கான் பாருங்க. ஒரே அறையில தங்கறவங்க எல்லாருக்கும் எடுக்கணும். இல்லன்னா யாருக்கும் கிடையாது."

"அப்ப வேண்டாம். பசிக்கும்போது அங்கங்கே வாங்கிச் சாப்பிட்டுக்கலாம்."

"யாருக்குப் பசிக்கும்போது?" என்றாள் அவள். "'பசிக்கலைம்மா'ன்னு அவ சொல்லுவா. நாமளும் சரி சரின்னு நடந்துக்கிட்டே இருப்போம். கட்டிட்டோம்னா அப்படியில்ல. ஐயோ வீணாகுதேன்னாவது ஒரு வாய் வைப்பா. அவளுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது, உங்களுக்கே தெரியும்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். போற இடத்துலயும் அவ கழுத்துல சாப்பாட்டைக் கட்டி விடணுமா?"

"பின்ன என்னதான் செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன். இதைச் செய்னு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னு அமுக்கினா, இவ சாப்பிட மாட்டான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்குங்க. என்னால முடியாது."

அறை வாசலில் அசைவு தெரிந்து இருவரும் திரும்பினார்கள். வாலு நின்றுகொண்டிருந்தாள். வெயில் காலத்திலும் கை முழுக்க மூடிய ஸ்வெட்டர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், மாமாவின் கோழிக்குஞ்சு காதில் விழுந்ததா, ஒன்றும் தெரியவில்லை.

"எடுங்கப்பா," என்றாள். "எனக்கும் சேர்த்து எடுங்க. நான் சாப்பிடறேன்."

"நிஜமாவா?" என்றாள் அம்மா. அந்த ஒற்றைச் சொல்லில் அவ்வளவு ஆசை இருந்தது.

"நிஜம்மா."

மகளின் முகத்தில் ஏதாவது பிடி கிடைக்குமா என்று அவர் தேடினார். கண், வாய், புருவம் எல்லாம் அதது இருந்த இடத்தில் அமைதியாக இருந்தன. அவர் பச்சையை அமுக்கினார்.

பார்க்கில் முதல் நாள் காலை நன்றாகத்தான் போயிற்று. கை மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டிவிட்டார்கள். வாலுவுக்கு அது கடைசித் துளை வரை இழுத்தும் தொளதொளவென்று நின்றது, அங்கிருந்த ஊழியப் பெண் குழந்தைகள் பட்டை ஒன்றை எடுத்து மாற்றினாள். தண்ணீரில் சறுக்கி விழுகிற ரைடில் மூவரும் ஒரே படகில் போனார்கள். தொப்பலாக நனைந்தபோது வாலு கத்தினாள். வெறும் சந்தோஷக் கத்தல். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் அதே நேரம் அவரைத்தான் பார்த்தாள்.

பிறகு பெரிய சாப்பாட்டு நேரம் வந்தது.

உணவகம் பழைய கப்பல் மாதிரி கட்டியிருந்தது. பரிமாறுகிற பெண் மாலுமித் தொப்பி வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை குதூகலமாக இருந்தாள். "கைப்பட்டை இருக்கா? அப்ப கவலையே இல்ல! சூப், பெரிய தட்டு, ஐஸ்கிரீம், எல்லாமே சேர்த்தி. எதையும் விட்டுடாதீங்க!"

வாலு மெனுவை நிதானமாகப் படித்து, தக்காளி சூப், பொரித்த கோழி, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, சாக்லேட் ஐஸ்கிரீம் என்று வரிசையாகச் சொன்னாள். அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. தட்டு வந்தது. வாலு கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். வெட்டியதை மறுபடி வெட்டினாள். ஒரு துண்டை வாய் வரை கொண்டுபோனாள், அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், கீழே வைத்தாள். அம்மா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆனால் பார்க்காமல் இருப்பதையும் அவள் அவ்வளவு பாடுபட்டுச் செய்ததில் அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் காது வரை பூசிக்கொண்டு சிரித்தது.

"கை கழுவிட்டு வந்துடறேன்," என்று அம்மா எழுந்தாள். கழுவ ஒன்றுமில்லை, அவள் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

மேசையில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். அவளுக்கு எதிரே இருந்தது கோழியும் உருளைக்கிழங்கும்தான், ஆனால் அவள் கண்ணில் தெரிந்தது சுத்தமான பயம். உயரத்தில் சிக்கிக்கொண்டவர்கள் கண்ணில் அவர் பார்த்திருக்கிற பயம். யோசிக்காமல் அவர் தன் முள்கரண்டியை நீட்டி, அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார். அப்புறம் இன்னொன்று. வேகவேகமாக, திருடுகிறவர் மாதிரி, முழுத் தட்டையும் காலி செய்தார். தன் வெறும் சூப் கிண்ணத்தையும் அவளுடைய நிறைந்த கிண்ணத்தையும் இடம் மாற்றி அதையும் குடித்தார்.

"தேங்க்ஸ்ப்பா," என்றாள் வாலு, மெதுவாக.

அவள் திட்டியிருந்தாலும், அழுதிருந்தாலும் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அம்மா திரும்பி வந்தாள். தட்டைப் பார்த்தாள். உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டை எடுத்து வாயில் போட்டாள். அந்த நிமிஷத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரால் முடியவில்லை. அவள் அவ்வளவு நிம்மதியாக மென்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அது தானாகவே நடந்தது. சின்னச் சாப்பாட்டுக்கு நூடுல்ஸ்; அம்மா உறிஞ்சுகுழல் எடுக்கப் போனபோது பாதி அவரிடம் வந்தது. நொறுக்குத்தீனிக்குச் சர்க்கரை தூவிய பன். கூட்டத்தில் நடக்கும்போது வாலு கையிலிருந்து அவர் கைக்கு மாறியது. ஒவ்வொரு வேளையும் தனக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று அவர் தின்றார். ரைடில் ஏறினால் குமட்டியது. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நேரம் தோன்றும், நானே இவளைக் கொல்கிறேன் என்று அடுத்த நேரம் தோன்றும். இரண்டில் எது நிஜம் என்று சொல்ல அந்த ஆயிரக்கணக்கான கூட்டத்தில் ஒருத்தரும் இல்லை. மருத்துவர் தந்த எண்ணுக்கு ஒருமுறை கழிவறையில் நின்றுகொண்டு போன் போட்டார். விடுமுறை, திங்கட்கிழமை அழையுங்கள் என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது.

மனைவி தம்பிக்குப் போன் செய்தது அவர் காதில் விழுந்தது. விடுதி வராந்தாவில் நின்று பேசினாள். "நீ சொன்னது சரிடா. அவ சாப்பிடறாடா. கப்பல்ல முழுத் தட்டும் காலி!" அவள் சிரித்தது சின்னப் பெண் சிரிப்பு மாதிரி இருந்தது. உள்ளே கட்டிலில் அவரும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு முதலில் பார்வையைத் தாழ்த்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடலாமாடா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. ப்ளீஸ். ஊருக்குப் போறவரைக்கும் மட்டும். அம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க."

"நீ ஏன்டா அன்னைக்கு எடுக்கச் சொன்ன?"

அவள் போர்வை நுனியைச் சுருட்டினாள். "வேண்டாம்னு சொன்னா அம்மா முகம் என்ன ஆகும்னு தெரியும். அதைப் பார்க்கறதுக்கு இது பரவாயில்லன்னு நினைச்சேன். முடியும்னும் நினைச்சேன்ப்பா. நிஜமா நினைச்சேன்."

மறுநாள் மதியம், ரோலர் கோஸ்டருக்கான வரிசையில், தலைக்கு மேல் நிழல் துணி கட்டியிருந்த இடத்தில்தான் வாலு விழுந்தாள். பெரிய சத்தமில்லை. முன்னால் நின்றவரின் முதுகில் சாய்ந்து, அவர் கோபமாகத் திரும்புவதற்குள் தரையில் மடிந்து கிடந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். பாரமே தெரியவில்லை. தெரியாததுதான் அவரைக் கலங்கடித்தது.

முதலுதவி அறை, பொம்மைக் கடைக்குப் பின்புறம், வெளியே பாட்டுச் சத்தம் கேட்கிற சின்ன வெள்ளை அறை. அங்கிருந்த நர்ஸ் சுறுசுறுப்பான பெண்மணி. வாலுவைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, நாடி பிடித்துப் பார்த்து, மறுபடியும் பிடித்துப் பார்த்து, புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டா?"

"நல்லாத்தான் சாப்பிட்டா," என்றாள் அம்மா. "காலையில முட்டை, ரெண்டு ரொட்டி, பால். நேத்து பெரிய சாப்பாடு முழுசா. அப்புறம் பன், நூடுல்ஸ்..." ஒரு வாய் விடாமல் சொன்னாள். பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்த நகையை எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள். நர்ஸ் கேட்டுக்கொண்டே இரத்தச் சர்க்கரையைப் பார்த்தாள். "இவ்வளவு சாப்பிட்டா இப்படி இருக்காதேம்மா. வேற ஏதாவது வியாதி இருக்கா? மாத்திரை ஏதாவது?"

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் நான் சாப்பிடலம்மா. அப்பா சாப்பிட்டாரு."

வெளியே ஊர்வலம் போகிற மேளச் சத்தம் கேட்டது. அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. வாலுவின் கையில் இருந்த ஆரஞ்சுப் பட்டையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், கத்துவாள் என்று அவர் காத்திருந்தார்; கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"உங்க பெல்ட்டைப் பார்த்தேன்," என்றாள் கடைசியில். "உறிஞ்சுகுழல் எடுத்துட்டுத் திரும்பும்போது உங்க வாய் அசையறதையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன். தட்டு காலியா இருந்துச்சு. அது... அது பார்க்க நல்லா இருந்துச்சுங்க."

நர்ஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நாடி ரொம்ப மெதுவாக இருக்கிறது, இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்றாள். அது வரும்வரை சும்மா நிற்க வேண்டும். மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கணவனைப் பார்த்து மனைவி சொன்னாள்: "போய் அந்தச் சாப்பாட்டுத் திட்டத்தை நிறுத்திட்டு வாங்க. அது இனிமே வேண்டாம்." அவருக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஓட்டமும் நடையுமாக விருந்தினர் சேவை கவுன்டருக்குப் போனார். அங்கே இருந்த இளம்பெண் கைப்பட்டையை எந்திரத்தில் காட்டச் சொல்லி, திரையைப் பார்த்து, வருத்தமாகத் தலையசைத்தாள். "ஒரு தடவை பயன்படுத்திட்டா நிறுத்த முடியாது சார். ஆனா மிச்சத்துக்கெல்லாம் பாக்கெட் தின்பண்டம் வாங்கிக்கலாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்."

"வேண்டாம். என் பொண்ணு சாப்பிடறதில்ல."

"ஓ, பிடிக்கலையா சார்? வேற உணவகத்துல இடம் பார்த்துத் தரவா? குழந்தைங்களுக்குன்னு தனி மெனு இருக்கு."

"அப்படி இல்லம்மா. அவ சாப்பிடறதே இல்ல. ரொம்ப நாளா." வெளி ஆள் ஒருத்தரிடம் அவர் இதைச் சொல்வது இதுதான் முதல்முறை. சொன்னதும் மேற்கொண்டு கொட்டிவிட்டது. "எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. இதை எடுத்தா சாப்பிடுவான்னு நினைச்சோம். நான் அவளோடதையும் சேர்த்துத் தின்னுட்டேன்."

அந்தப் பெண் விழித்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எந்தப் பதிலும் இதற்குப் பொருந்தவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் முனகினார்கள். மேசைக்கு அடியில் இருந்து ஒரு பை எடுத்து, பிஸ்கட்டும் மிட்டாயும் அள்ளிப் போட்டு, "இதை வச்சுக்கோங்க சார்," என்று நீட்டினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மறுக்கத் தெரியாமல் அதை வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் அந்தப் பை அவர் கையில்தான் இருந்தது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அவர் அதைக் கீழே இறக்கி வாசல் குப்பைத்தொட்டி மேல் வைத்துவிட்டு ஏறினார்.

அறியாத ஊர், அறியாத ஆஸ்பத்திரி. மருத்துவர்கள் மாறி மாறி வந்தார்கள். இதயம் களைத்துப்போயிருக்கிறது, இந்த நிலையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். அவர்கள் ஊர் வார்டில் இடம் காலியாக இல்லை, இங்கே இருந்தது. எத்தனை நாள் ஆகும்? சொல்ல முடியாது. குணமாகிவிடுமா? நிறையப் பேருக்கு ஆகிறது, ஆனால் போகப்போகத்தான் தெரியும். இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தார்களோ அந்தக் கட்டில், போகவேண்டிய திசைக்கே சம்பந்தமில்லாத ஒரு ஊரில் கிடைத்தது. வேலைக்கு விடுப்புச் சொன்னார்கள். மனைவி தம்பிக்குப் போன் செய்து, இந்தத் தடவை மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். "நான் அவளைக் கோழிக்குஞ்சுன்னு சொன்னேனேக்கா," என்று மட்டும் அந்தப் பக்கம் கேட்டது. உன்னால் இல்லடா என்றாள். யாரால் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை வாலுவைப் பார்க்க அவர்களை உள்ளே விட்டார்கள். வாலு தலையணையில் சாய்ந்திருந்தாள், கையில் ஊசி ஏறியிருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"உன்னை ஒண்ணு கேக்கட்டுமா? சாப்பாடு முன்னாடி வந்தா உனக்கு உள்ளே என்ன ஆகுது? திட்டறதுக்கில்ல. எனக்குத் தெரியணும்."

"சத்தமா இருக்கும்மா. உள்ளே யாரோ கத்திக்கிட்டே இருப்பாங்க. நீ கெட்டவ, நீ கெட்டவன்னு. சாப்பிடலன்னா கொஞ்சம் அடங்கும்."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

அம்மாவின் கை முடிமேல் அப்படியே நின்றது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கத்துகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது, எதைக் கழற்றினால் அது நிற்கும்? "நான் சாப்பிட்டது தப்புடா," என்றார்.

"தப்புதான்ப்பா," என்றாள் வாலு. கோபமில்லாமல் சொன்னாள். "ஆனா அப்ப எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

வாலு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "சாப்பாடு வர்ற நேரம். நீங்க ரெண்டு பேரும் போயிடுங்க. நீங்க இருந்தா என்னால முடியாது. இல்லன்னாலும் முடியுமான்னு தெரியல. ஆனா போயிடுங்க."

நர்ஸும் அதையேதான் சொன்னாள்; இந்த வார்டில் சாப்பாட்டு நேரத்தில் பெற்றோர் உள்ளே இருக்கக்கூடாது. அம்மா எழுந்தாள். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

நீளமான வராந்தாவில் இருவரும் நின்றார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, போகவும் மனமில்லை.

"இப்ப நாம என்னங்க பண்றது?"

பயப்படாதே, இதோ பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அவருக்குப் பழக்கம். "தெரியலம்மா," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்த முனையில் இருந்து சக்கரம் கிறீச்சிட, மூடிபோட்ட தட்டுகளை அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பணியாளர் வந்தார். "கொஞ்சம் வழி விடுங்க," என்றார். இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள்.